தாய்மாமன் மடி

காது குத்துகிற பத்தர் இன்னும் வந்த பாடில்லை. பஸ் ஏறிட்டார், இறங்கிட்டார், ரோட்டு விலக்கில் ஆட்டோவுக்கு நிற்கிறார் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே தவிர மனுசனின் தலையைக் காணோம். வராமலே போனால் எவ்வளவு நல்லது என்று செண்பகவல்லி நினைத்தாள். நினைத்த கையோடு, குலசாமி வாசலில் உட்கார்ந்துகொண்டு பெத்த பிள்ளையின் காதுகுத்து நின்றுபோக வேண்டும் என்று நினைக்கிறோமே, நாமெல்லாம் என்ன ஜென்மம் என்று நெஞ்சு குறுகியது. பந்தலுக்குள் ஜமுக்காளத்தின் கடைசி ஓரத்தில், யாரும் வந்து ஒட்டி உட்கார்ந்துவிட முடியாதபடி ஒரு பக்கம் பந்தக்காலும் மறுபக்கம் பாத்திர மூட்டையுமாக இடம் பிடித்து வைத்திருந்தாள். மடியில் மகிஷா. பதினோரு மாசத்துப் பிள்ளை. இப்போதுதான் மொட்டை போட்டுச் சந்தனம் அப்பியிருந்தது. அழுது அழுது ஓய்ந்து, விக்கலோடு தூங்குகிறது. சந்தனம் காய்ந்து வெடிப்பு விட்ட அந்தச் சின்னத் தலையைக் குனிந்து முகர வேண்டும் போலிருந்தது அவளுக்கு. குனியவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் முகத்தைப் பந்தக்கால் பக்கம் திருப்பிக்கொண்டாள், பிள்ளை மேல் படாமல். வாயில் கிராம்பு. அதற்கு மேல் வெற்றிலை. அதற்கு மேல் சேலை முந்தி. காலையிலிருந்து யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவதோடு சரி. "எம் மருமவ இருக்கிற எடம் தெரியாது. வாயத் தெறந்து ஒரு பேச்சுப் பேச மாட்டா" என்று மாமியார் சீனித்தாய் வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்கக் கேட்கத்தான் இவளுக்கு உடம்பு கூசியது. பாவம் அத்தை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாமல் பெருமைப்படுகிறாள். இன்றைக்குத் தொடக் கூடாது என்றுதான் நேற்று படுக்கும்போதே பிள்ளை தலையில் கை வைத்துச் சொல்லிக்கொண்டாள். சத்தியமாக அப்படித்தான் இருந்தாள், விடியும் வரைக்கும். குளித்துச் சேலை கட்டி, பூ வைத்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்து, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வேல்ராஜ் போனை வைத்துவிட்டு, "உங்க மாமா சீர்த்தட்டோட வேன் ஏறியாச்சாம். நமக்கு முன்னால போயிருவாக போல" என்று சிரித்தான். அவ்வளவுதான். ஆட்டுக்குத் தவிடு அள்ளப் போகிறேன் என்று கொல்லைக்குப் போனவள், தவிட்டு மூட்டைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். பட்டுச்சேலையோடு. கையெல்லாம் தவிடு. ஆடு இவளையே பார்த்துக்கொண்டு நின்றது. ஆடு பார்ப்பதற்கே வெட்கமாக இருந்தது.

பிராந்தி என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது, பிள்ளை பெறும் வரைக்கும். தெரியாது என்றால் ஊரில் பார்த்திருக்கிறாள், வேட்டி அவிழ்ந்து சாக்கடையோரம் கிடக்கிற ஆட்களை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப் போயிருக்கிறாள். வேல்ராஜ் சொட்டுக்கூடத் தொட மாட்டான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அதைத்தான் முதலில் சொன்னார்கள். லாரியில் லோடு ஏத்துகிறவன், ஆனால் ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்று. பிள்ளை பிறந்த அன்றைக்கு நர்ஸம்மா வந்து, "பொம்பளப் பிள்ளம்மா" என்று துணியை விலக்கிக் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். இவளுக்குக் கையும் காலும் ஜில்லிட்டுப் போயிற்று. பல் கிட்டியது. எதை மறந்துவிட்டோம், அதெல்லாம் எந்தக் காலம், கல்யாணம் ஆகி இன்னொரு வீட்டுக்கு வந்தாயிற்று என்று நினைத்திருந்தாளோ, அது கட்டிலுக்கடியில் இத்தனை நாளும் படுத்திருந்த மாதிரி எழுந்து வந்து பிள்ளை பக்கத்தில் நின்றது. பொம்பளப் பிள்ளை. வீட்டுக்கு வந்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் ஒரு தகரக் கதவு, உள்பக்கம் கொண்டி. சீனித்தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பச்ச ஒடம்புத் தாயி. எலும்பெல்லாம் வாயப் பொளந்து கெடக்கும், குளிரு பூந்துக்கிடும்" என்று சொல்லி, வெந்நீரில் ரெண்டு மூடி பிராந்தி ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்காகக் குடிக்கச் சொன்னாள். அவள் மாமியார் அவளுக்குக் கொடுத்தது, அவள் தன் மருமகளுக்குக் கொடுக்கிறாள். மருந்துதான். குடித்தாள். தொண்டை எரிந்தது, நெஞ்சு எரிந்தது, வயிற்றில் போய் அடுப்பு மூட்டின மாதிரி ஒரு சூடு. அந்தச் சூட்டில் கதவு மெல்ல மெல்லக் கலங்கி, தண்ணீருக்குள் கிடக்கிற சாமான் மாதிரி நெளிந்து, இல்லாமல் போயிற்று. இத்தனை வயசுக்கு அப்படியொரு தூக்கம் அவள் தூங்கியதில்லை. மறுநாள் அத்தை சொம்போடு எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அத்தை கொடுத்தது கொஞ்ச நாள். பிறகு அத்தைக்குத் தெரியாமல் அத்தை பாட்டிலிலிருந்து. தீப்பெட்டி ஆபீசுக்கு மறுபடி வேலைக்குப் போன பிறகு, பண்டல் ஏத்துகிற வண்டிக்காரரிடம், "அண்ணே, எங்க அத்தைக்கு மூட்டுவலி, தேய்க்கணும்" என்று கீழே பார்த்துக்கொண்டு கேட்டாள். அவர் வாங்கிக் கொடுத்தார். போன தடவை கொடுக்கும்போது, "என்ன தாயி, உங்க அத்தைக்கு மூட்டு மட்டும்தானா, ஒடம்பு பூராவுமா?" என்று சிரித்தார். தெரிந்துதான் கேட்டாரோ, சும்மாதான் கேட்டாரோ. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. புருசன் குடித்தால் ஊர் பெண்டாட்டியைப் பார்த்து உச்சுக் கொட்டும். பெண்டாட்டி குடித்தால் யாரைப் பார்த்து யார் உச்சுக் கொட்டுவார்கள்? அதெல்லாம்கூடப் போகட்டும், பால். பாலில் இறங்குமா இறங்காதா? யாரிடம் கேட்பது? முதலில் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் குடிப்பாள். அடுத்த வேளைக்கு முன்னால் கொல்லையில் கொஞ்சம் பீய்ச்சி விட்டுவிடுவாள். மண்ணில் விழுகிற பாலைக் காலால் மண் தள்ளி மூடுவாள். பிள்ளை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் ஓடிப்போய் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். தூங்குகிற பிள்ளையைப் பார்த்துச் சந்தோசப்படாத தாய் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பந்தலுக்கு வெளியே பேச்சுச் சத்தம் கூடியது. "வாங்க வாங்க, தாய்மாமன் இல்லாம என்ன விசேசம்!" இவள் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. நடை தெரியும், செருமல் தெரியும், பவுடர் வாசம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். கதிரேசன் மாமா. அம்மாவின் தம்பி. செண்பகவல்லிக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது, அதனால் அவள் பிள்ளைக்கும் அவர்தான் தாய்மாமன் ஸ்தானம். அப்பா செத்த பிறகு அம்மாவையும் இவளையும் நிழல் மாதிரி இருந்து பார்த்துக்கொண்டவர் என்று ஊரே சொல்லும். மனசுக்குள்கூட 'அவன்' என்று வர மாட்டேன் என்கிறது. 'வந்தார், போனார்' என்றுதான் வருகிறது. அதுவும் ஒரு கேவலம். அம்மா முன்னால் ஓடினாள். ஒவ்வொரு தட்டாக இறங்கியது, பழம், பாவாடை சட்டை, வெல்லம், தேங்காய், பச்சரிசி, குட்டியாய் ஒரு தோடு. "யக்கா, பேத்திக்குச் செவப்புக்கல்லு. ஒனக்கும் இப்படித்தான ஆசை?" "எனக்கு என்னப்பா, ஒன் மருமவ மவ." "மாப்ள, பத்தரு இன்னும் வரலையா? அப்ப நானே குத்தி விட்டுருதேன், ஊசி இருந்தாக் குடுங்க" என்றார். பந்தலே சிரித்தது. நன்றாகப் பேசுவார். எங்கே போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைப்பார். இவளைப் பார்த்துக் குனிந்தார். "என்னட்டி செம்பகம், மொகம் வாடிக் கெடக்கு? மாமன் லேட்டா வந்தேன்னு கோவமா?" இவள் முந்தியை இன்னும் இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். இருக்கிறது என்று ஆட்டினாளோ இல்லை என்று ஆட்டினாளோ, இவளுக்கே தெரியாது. மோதிரம் போட்ட விரல் ஒன்று வந்து தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொட்டது. அப்படியே கழுத்துக்கு இறங்கி, தொடையைக் கிள்ளி, "நல்லா கொழுகொழுன்னு இருக்கா" என்றது. விரல்தான் சொன்ன மாதிரி இருந்தது. பிள்ளை தூக்கத்தில் காலை உதறியது. இவளுக்குக் கிராம்பும் வெற்றிலையும் காலையில் உள்ளே போனதும் எல்லாமாகத் தொண்டைக்கு வந்தது. விழுங்கினாள். விழுங்குவது அவளுக்குப் புதிதில்லை.

இவளுக்குக் காது குத்தின அன்றைக்கும் அவர் மடிதான். போட்டோ இருக்கிறது. சின்ன வயசுக்காரராக மீசை அரும்பி உட்கார்ந்திருக்கிறார். மடியில் இவள் வாயைப் பிளந்து அழுகிறாள். அந்தப் போட்டோவைக் காட்டிக் காட்டி, "மொறைமாமன் மடியில உக்காந்தவ, நாளைக்கு அவனையே கட்டிக்கிட்டா அலைச்சல் மிச்சம்" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேலி பேசுவார்கள். "ஏட்டி, மாமனுக்கு ஒரு முத்தம் குடு" என்பார்கள். கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள். அப்போது அது சிரிப்புதான். எந்த இடத்தில் அது சிரிப்பில்லாமல் போயிற்று என்று இவள் திரும்பத் திரும்பப் போய்த் தேடுவாள். அஞ்சாவது படிக்கும்போதா, ஆறாவதிலா? பெரிய பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில். மாமாதான் வண்டியில் கொண்டுவிடுவார், கூட்டி வருவார். வழியில் தோட்டம். தோட்டத்தில் மோட்டார் ரூம். "மோட்டாரப் போட்டுட்டுப் போயிருவோம், உள்ள வா." தகரக் கதவு. கொண்டி. மோட்டார் ஓடுகிற சத்தம், சத்தம் மேலே சத்தம், அதற்கு மேலே தன் சத்தம் தனக்கே கேட்காது. அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேலே மனசு போகாது, சண்டி மாடு மாதிரி காலை ஊன்றிக்கொள்ளும். பிறகு வெளியே வந்தால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். "மொகத்தக் கழுவு, நேரமாச்சி" என்பார். அவ்வளவு சாதாரணமாக. நாம்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம், அவர் பெருந்தன்மையாகக் கண்டுகொள்ளாமல் விடுகிறார் என்று நினைத்துக்கொண்டு கழுவுவாள். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. அதுதான் பெரிய வெட்கம். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாள். வயிற்றுவலி என்றாள். ஆறாவதோடு நின்றுபோனாள். "படிப்பு ஏறல" என்று சொல்லித் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்க அனுப்பினார்கள். அம்மாவிடம் சொல்லவில்லையா? சொன்னாள், ஒரே ஒரு தடவை. அம்மா அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். "மாமா மோட்டார் ரூம்ல என்னைய" என்று ஆரம்பித்ததுதான். அம்மா குழவியை நிறுத்தவில்லை. இன்னும் வேகமாக அரைத்தாள். அரைத்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல், "இத இத்தோட விட்ரு. வேற யாரு காதுலயும் போட்றாத. நமக்கு அவன விட்டா நாதி கெடையாது" என்றாள். என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. கேட்காமலே எப்படித் தெரிந்தது அம்மாவுக்கு?

"பத்தரு வந்தாச்சி, பத்தரு வந்தாச்சி!" இனி என்ன செய்ய? தீட்டு என்று சொல்லிவிட்டால் என்ன? தூரமாகிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோயில் விசேசம் நின்றுபோகும். நிற்காது. 'நீ எல்லைக்கு அங்கிட்டுப் போய் இரு தாயி' என்று இவளைத்தான் வெளியே அனுப்புவார்கள், பிள்ளை உள்ளே போய் அந்த மடியில் உட்காரும். காய்ச்சல் என்றால்? தொட்டுப் பார்ப்பார்கள். தூங்குது, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம் என்றால்? வாயைத் திறந்து சொல்ல வேண்டும். திறந்தால் வாடை வரும். வாடை வந்தால் அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் அது குடிகாரி பேச்சு. இதற்காகத்தான் குடித்தோம், இதனாலேயே சொல்ல முடியாமல் போயிற்று. ஒரு மடிதானே, ஒரு நிமிசம்தானே, இத்தனை பேர் சுற்றி நிற்க என்ன ஆகிவிடப் போகிறது? அப்புறம் முறை வந்துவிடும். நல்லநாள், லீவு, 'பேத்திய ரெண்டு நாள் கொண்டாந்து விடு' என்று அம்மா கூப்பிடுவாள். தோட்டம் அப்படியேதான் இருக்கிறது. பத்தர் பெட்டியைத் திறந்து கம்பியைத் துடைத்தார். "தாய்மாமன் யாரு? வாங்க சாமி, கெழக்கப் பாத்து ஒக்காருங்க. புள்ளையக் கையையும் காலையும் சேத்து அமுக்கிப் பிடிச்சிக்கிடணும். கத்தும், வுட்றப்படாது." மாமா வேட்டியை மடித்துப் பலகையில் சம்மணம் போட்டு, மடியை விரித்து, ரெண்டு கையையும் நீட்டினார். "நமக்கென்ன புதுசா பத்தரே? இந்தா, இவளையே நாந்தான் பிடிச்சேன். மூச்சுக் காட்டல." போட்டோவில் வாயைப் பிளந்து அழுகிறவளைப் பற்றித்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரித்ததை இவள் பார்த்தாள். சீனித்தாய் வந்து குனிந்து, "குடு தாயி, நேரமாவுது" என்று பிள்ளையின் கக்கத்தில் கை கொடுத்தாள். செண்பகவல்லி விடவில்லை. "ஏ, விடுட்டி, முழிச்சிக்கிடப் போவுது." விடவில்லை. "குடுக்க மாட்டேன்." சொன்னது யார் என்று ஒரு கணம் இவளுக்கே புரியவில்லை. முந்தி தோளிலிருந்து சரிந்து கிடந்தது, வாய் திறந்திருந்தது. அத்தையின் முகம் ஒரு சாண் தூரத்தில். அந்த முகம் மாறுவதை இவள் பார்த்தாள். மூக்கு சுருங்கியது, புருவம் ஏறியது, இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது, மறுபடியும் முகர்ந்தது, இருக்கிறது என்று தெரிந்துகொண்டது. வேல்ராஜ் குனிந்தான். "செம்பகம்... நீ..." அவனுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. மாமாவுக்கு வந்தது. "மாப்ள, பொண்ணு குடிச்சிருக்கு! மொதல்ல புள்ளைய வாங்குங்க, கீழ போட்ருவா." நாலு பக்கமிருந்தும் கை வந்தது. அத்தனை கையும் நியாயமான கை. குடிகாரியிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வருகிற கை. பூமி பிளந்தால் நல்லது. பிளக்கவில்லை. பிள்ளை விழித்து வீரிட்டது. "ஆமா, குடிச்சிருக்கேன்" என்றாள் செண்பகவல்லி. குரல் குழறியது. குழறியதும் எல்லோருக்கும் கேட்டது. "இன்னிக்கு மட்டும் இல்ல. தெனமும் குடிக்கேன். எதுக்குக் குடிக்கேன்னு மாமாட்டக் கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. கதிரேசன் சிரித்தார், "போதையில ஒளறுதா, கோட்டிச் செறுக்கி" என்றார். சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து, விரித்து வைத்திருந்த மடியை மூடினார். வேல்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் சீனித்தாய் அந்தத் துண்டைப் பார்த்தாள். துண்டிலிருந்து மேலே அந்த முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து சம்பந்தி பக்கம் திரும்பிப் பார்த்தாள். செண்பகவல்லியின் அம்மா முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சீனித்தாய் குனிந்து, மருமகளின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். இடுப்பில் வைத்துக்கொண்டாள். மடி வெறுமையானதும் செண்பகவல்லிக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. மூடிக்கொள்ளக்கூடக் கை எழவில்லை. "பத்தரே, செத்த பொறும்" என்றாள் சீனித்தாய். இவளைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது, மறைக்கவில்லை. "போ. போயி வாயக் கொப்புளிச்சிட்டு வா. வந்து எங்கிட்டச் சொல்லு, நான் கேக்கேன்."

கோயிலுக்குப் பின்னால் குழாயடி. எழுந்து நடக்கிறபோது கால் நேராக விழுகிறதா என்று முதுகுக்குப் பின்னால் அத்தனை கண்ணும் பார்ப்பது தெரிந்தது. நேராக விழவில்லை. தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்பளித்தாள். வெற்றிலைச் சிவப்பு போய், கிராம்பு காரம் போய், அடியில் அந்த வாடை மட்டும் போகாமல் நின்றது. பந்தலிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம். இப்போதே ஓடிவிடலாம், ரோட்டுக்கு இறங்கினால் பஸ், தெரியாத ஊர், தெரியாத ஆள். முதலில் எந்த வார்த்தையைச் சொல்வது? மோட்டார் ரூம் என்று ஆரம்பிப்பதா, மாமா என்று ஆரம்பிப்பதா? புருசன் நிற்கும்போதா, இல்லாதபோதா? நிமிர்ந்தால் அம்மா நின்றுகொண்டிருந்தாள், சுவருக்கும் குழாய்க்கும் நடுவில், போகிற வழியை அடைத்துக்கொண்டு. மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஏட்டி, ஒன் கால்ல விழுதேன். குடிச்சிட்டு ஒளறிட்டேன்னு சொல்லிரு. குடிச்சதக்கூட மன்னிச்சிருவாக. இதச் சொன்னா நீயும் வாழ மாட்ட, நானும் வாழ மாட்டேன்." இவள் அம்மாவை இத்தனை கிட்டத்தில் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. இவளுக்கு முகம் சுட்டது, காது சுட்டது, நெஞ்சுப் பக்கம் ஈரம் குளிர்ந்தது. முந்தியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வாயைத் துடைத்தாள்.

"தள்ளும்மா" என்றாள். "அத்த கேக்கேன்னு சொல்லியிருக்காக."